நாய் அழுதால் எமன் வருகிறானா?

உங்கள் வீட்டு நாய் தூங்கும்போது அதன் அருகில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? நமக்கு எங்கே நேரம் என்பீர்கள். காலையில் எழுந்தால் வேலைக்கு ஓட்டம், மாலையில் வந்தால் அடுப்படி. நாய் என்றால் வாசலில் கிடக்கும், மீதிச் சோறு தின்னும், வேற்றாள் வந்தால் குரைக்கும். அதற்குமேல் அதைப்பற்றி நாம் நினைப்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். சென்ற ஆண்டு ஒரு நாயின் தூக்கத்தால் எங்கள் குடும்பமே இரண்டுபட்டு நின்றது. அதன்பிறகுதான் உட்கார்ந்து பார்த்தேன்.

நாங்கள் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். என் அப்பா பால் வெட்டியே எங்களை ஆளாக்கியவர். ஓய்வு பெற்றபிறகும் சும்மா இருக்க மனமில்லாமல், எழுபதை நெருங்கும் வயதிலும் ஒப்பந்தத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்தார். 2015ஆம் ஆண்டில் லயத்துக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வெளியேறியபோது அவரும் கிளம்பி, நகரத்துத் தாமானில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வரும்போது ஒரு தகரப்பெட்டி, ஒரு பழைய சைக்கிள், கருப்பன். இவ்வளவுதான் அவர் கொண்டுவந்த சொத்து.

கருப்பன் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் பிறந்த குட்டி. யாரும் வளர்க்கவில்லை, அதுவாகவே அப்பாவின் சைக்கிளுக்குப் பின்னால் ஓடிவந்து ஒட்டிக்கொண்டது. மூன்று வருடம் விடியற்காலையில் அவரோடு காட்டுக்குப் போய், அவர் நிரை முடிக்கும்வரை கூடவே சுற்றி, பால் நிறுக்கும் இடத்துக்கும் போய்விட்டுத்தான் வீடு திரும்பும். தாமான் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. விடிகாலை நாலரைக்கு எழுந்து வாசல் கேட்டைப் பார்த்து நிற்கும். பெரட்டு இல்லை, காடு இல்லை என்று அதற்கு யார் சொல்வது?

சென்ற ஆண்டு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. மருத்துவமனையில் இரண்டு வாரம் இருந்து வீடு வந்தார். அவரை முன்னறையில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தோம். நோயாளி இருக்கும் அறையில் நாய் முடி ஆகாது என்று கருப்பனைப் பின்பக்கம் துணி துவைக்கும் இடத்துக்கு மாற்றி, கதவைச் சாத்திவிட்டோம். அதுவரை அது அப்பாவின் கட்டிலுக்குக் கீழேதான் படுக்கும்.

அடுத்த சில நாட்களில் சத்தம் ஆரம்பித்தது. முன்னிரவில் முனகல். பிறகு வாய் திறக்காமலே குரைப்பதுபோல் ‘உப், உப்’ என்று ஒரு ஓசை. நடுச்சாமம் தாண்டினால் நீளமான ஊளை. ஒரு வாரம் யாருக்கும் தூக்கமில்லை. அப்பாவைப் பார்க்க வந்திருந்த அத்தை, அவருடைய தங்கை, மூன்றாவது நாளே சொல்லிவிட்டார்:

“ஏம்மா, நாய் அழுவுதுன்னா சும்மா அழுவாது. அது கண்ணுக்கு எமன் தெரியும். அண்ணன் இப்படிக் கெடக்கும்போது அதை வீட்டுல வெச்சிருக்கலாமா?”

என் தம்பிக்கு எமனில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் நாய் என்றாலே அவனுக்கு ஆகாது. அவன் வேறு காரணம் சொன்னான். “அக்கா, 2015ல பெர்லிஸ், கெடா, பினாங்குல வெறிநாய் நோய் வந்ததே, மறந்துட்டியா? ராத்திரியில இப்படிக் கத்துறது எனக்கு நல்லதாப் படல. கார்ல ஏத்தி பாசார் பின்னால விட்டுட்டு வந்துடறேன்.” நான் தடுப்பூசி போட்ட சீட்டைக் காட்டினேன். அவன் கேட்பதாக இல்லை.

உங்களிடம் மறைப்பானேன், நானும் பாதி மனதோடு சரி என்றுதான் சொன்னேன். பகலெல்லாம் நோயாளியைப் புரட்டிப் போட்டுத் துடைத்துவிட்டு, இரவில் தூக்கம் இல்லாமல் போனால் மனம் கல்லாகிவிடுகிறது. சனிக்கிழமை காலையில் கொண்டுபோய் விடுவதென்று முடிவானது.

வெள்ளிக்கிழமை இரவு அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டும்போது, வாய் குழற அவர் ஒரு பெயரைச் சொன்னார். “ராணி.” எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் உச்சரித்து நாற்பது வருடத்துக்கு மேலாகிறது.

ராணி எங்கள் லயத்து நாய். 1976ஆம் ஆண்டு, எனக்குப் பத்து வயது. மழைக்காலம். பாட்டி காய்ச்சலில் படுத்த படுக்கையாகிவிட்டார். அந்த நேரத்தில் ராணி இரவெல்லாம் அழுதது. அடுப்புச் சாம்பலில் சுருண்டு படுத்திருக்கும், தூக்கத்திலேயே விம்மும், எழுந்து வாசலுக்கு வந்து ஊளையிடும், மறுபடி வந்து படுக்கும். லயத்தில் எல்லாரும் ஒரே பேச்சாகச் சொன்னார்கள், அத்தை இப்போது சொன்ன அதே பேச்சு. பாட்டியே கையெடுத்துக் கும்பிட்டு, “அதைக் கண்காணாம கொண்டுபோய் விட்டுடுப்பா” என்று மகனிடம் கேட்டுக்கொண்டார். தாய் சொல்லை எப்படித் தட்டுவது? அப்பா ராணியைச் சாக்கில் போட்டுக் கட்டி, சைக்கிள் காரியரில் வைத்து, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஆறு மைல் தூரத்தில் ஒரு பலகை ஆலைக்குப் பக்கத்தில் அவிழ்த்துவிட்டு வந்தார்.

பாட்டி மூன்றாம் நாள் காலமாகிவிட்டார். நாய் போன பிறகுதான்.

கருமாதி முடிந்த மறுநாள் அப்பா வேலை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். இருட்டிய பிறகு தனியாகத் திரும்பினார். எங்கே போனீர்கள் என்று அம்மா கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதன்பிறகு கருப்பன் வரும்வரை அவர் நாய் வளர்க்கவேயில்லை.

அந்த இரவு அப்பா குழறிக் குழறிச் சொன்னதை நான் ஒட்டவைத்துப் புரிந்துகொண்டது இதுதான்: “குட்டியெ எல்லாம் குடுத்துட்டோம். அந்த வாரந்தான் குடுத்தோம்.”

ஆமாம் வாசகர்களே. ராணி நான்கு குட்டி போட்டிருந்தது. இரண்டைக் கடைக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டார், ஒன்றை டிரைவர் வீட்டுக்குக் கொடுத்தோம், ஒன்று செத்துப்போயிற்று. அது அழுத வாரமும் குட்டிகளைப் பிரித்த வாரமும் ஒன்றுதான் என்று லயம் முழுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, அந்தக் குட்டிகளைத் தூக்கிக் கொடுத்தவளே நான்தான். அப்பாவுக்கு மட்டும் பின்னால் தோன்றியிருக்கிறது. தோன்றியும் என்ன, இத்தனை வருடம் அதை மனதிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை தம்பி காரோடு வந்தான். கருப்பனை ஏற்றினோம். ஆனால் பாசாருக்கு அல்ல, மிருக டாக்டரிடம்.

அந்த டாக்டர் ஒரு சீனப் பெண்மணி, இளவயது. நாங்கள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, “இது தூங்கும்போது செய்வதா, விழித்திருக்கும்போது செய்வதா?” என்று ஒரே கேள்வி கேட்டார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. சத்தத்தைக் கேட்டோமே தவிர, எழுந்துபோய்ப் பார்த்தவர் யார்? “கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு வாருங்கள்” என்று அனுப்பிவிட்டார்.

அன்று இரவுதான் நான் முதன்முறையாக ஒரு நாய் தூங்குவதைப் பார்த்தேன். சிறு முக்காலியைப் போட்டு, துவைக்கும் இடத்தில் விளக்கில்லாமல் உட்கார்ந்திருந்தேன். முதலில் கருப்பன் ஒருக்களித்துப் படுத்து, சீராக மூச்சுவிட்டது. கால்மணி நேரத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. பிறகு மூச்சு தாறுமாறானது. மூடிய இமைக்குள் கருவிழி உருள்வது தெரிந்தது. மீசை மயிர் துடித்தது. முன்னங்கால் பாதம் மட்டும் ஓடுவதுபோல் அசைந்தது. அப்போதுதான் அந்த ‘உப், உப்’. இரண்டு மூன்று நிமிடம் இருக்கும். பிறகு ஒரு பெருமூச்சு, மறுபடி அமைதி. அதன் முகத்தில் பயமோ வலியோ எனக்குத் தெரியவில்லை. ஏதோ அவசர வேலையாகப் போய்விட்டு வந்தது போலிருந்தது.

என் மகள் படித்தவள். அவளிடம் சொன்னேன். அவள் ஆங்கிலத்தில் தேடிப் படித்துவிட்டு எனக்கு விளக்கினாள். அதில் எனக்குப் புரிந்தவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

1953ஆம் ஆண்டில் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர், மனிதன் தூங்கும்போது இடையிடையே கண்கள் வேகமாக உருளும் ஒரு நேரம் உண்டு என்று கண்டுபிடித்தார்கள். அந்த நேரத்தில் ஆளை எழுப்பிக் கேட்டால் பெரும்பாலும் கனவு கண்டதாகச் சொன்னார்கள். நாய்க்கும் பூனைக்கும் இதே கண்ணசைவுத் தூக்கம் உண்டு. அந்த நேரத்தில் மூளை விழித்திருப்பதுபோல் வேலை செய்கிறது. ஆனால் மூளையின் அடித்தண்டில் உள்ள ஒரு பகுதி, கைகால் தசைகளுக்குப் பிரேக் போட்டு வைக்கிறது. பிரேக் இறுக்கமாக இருப்பதால்தான் கனவில் ஓடும் நாய் எழுந்து ஓடிச் சுவரில் முட்டிக்கொள்வதில்லை. பாதம் துடிப்பதும் வாய்க்குள் குரைப்பதும் அந்தப் பிரேக்கில் கசிவது. பிரான்சு நாட்டில் லியோன் நகரத்தில் ஜூவே என்ற ஆராய்ச்சியாளர், பூனைகளின் மூளையில் இந்தப் பிரேக்கைச் சேதப்படுத்திப் பார்த்தார். அந்தப் பூனைகள் தூக்கத்திலேயே எழுந்து, இல்லாத எலியைத் துரத்துவதுபோல் பாய்ந்தன. பாவம்தான், வாயில்லா ஜீவன்கள்.

நாய் என்ன கனவு காண்கிறது என்று அதை எழுப்பிக் கேட்க முடியாது. ஆனால் எலியின் கனவை ஓரளவு எட்டிப் பார்த்திருக்கிறார்கள். 2001ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த லூயி, வில்சன் என்ற இருவர், எலிகளை வட்டமான பாதையில் தீனிக்காக ஓடவிட்டு, அப்போது மூளையில் உண்டாகும் மின்துடிப்பைப் பதிந்தார்கள். பிறகு அவை தூங்கும்போதும் பதிந்தார்கள். கண்ணசைவுத் தூக்கத்தில் அதே துடிப்பு, அதே வரிசையில் மறுபடி வந்தது. அந்த எலி கனவில் பாதையின் எந்த இடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது என்றுகூட அவர்களால் சொல்ல முடிந்ததாம். எலி பகலில் செய்த வேலையை இரவில் மறுபடி செய்கிறது. அப்படியானால் நாய் வேறு என்ன செய்யப்போகிறது?

இது புதிய விஷயமும் அல்ல. ஏறத்தாழ 2300 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில், நாய்கள் தூக்கத்தில் குரைப்பதே அவை கனவு காண்பதற்கு அடையாளம் என்று எழுதிவைத்திருக்கிறார்.

இதைவிட என் மனதைத் தைத்தது இன்னொன்று. ஹங்கேரி நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2017ஆம் ஆண்டில் 16 வீட்டு நாய்களை வைத்துப் பார்த்தார்கள். ஒருநாள் நாயைத் தடவிக்கொடுத்துப் பந்து விளையாடிவிட்டுத் தூங்கவைத்தார்கள். இன்னொருநாள் அதைத் தனியே விட்டு, மிரட்டுவதுபோல் கிட்டே வந்து, பாராமுகமாகவும் இருந்துவிட்டுத் தூங்கவைத்தார்கள். இரண்டு நாளும் தூக்கத்தின் அமைப்பே வேறு வேறாக இருந்தது. மனம் நொந்த நாளில் நாய்கள் சீக்கிரமே தூங்கிவிட்டன. ஆனால் ஆழ்ந்த தூக்கமும் கனவுத் தூக்கமும் முன்போல் அமையவில்லை. பகலில் நாம் நாயிடம் எப்படி நடந்துகொள்கிறோமோ அது இரவில் அதன் தூக்கத்துக்குள் போகிறது. கருப்பனை நாங்கள் கதவுக்கு வெளியே தள்ளிய நாளையும் அது அழத்தொடங்கிய நாளையும் நாள்காட்டியில் பார்த்தேன். இடையில் இரண்டே நாள்.

சரி, முன்னிரவு முனகல் கனவு. நடுச்சாமத்து ஊளை? அதையும் படம் பிடித்தேன். அது வேறு. அப்போது கருப்பன் தூங்கவேயில்லை. எழுந்து நிற்கும், பின்னங்கால் மடங்காமல் விறைப்பாக இரண்டு அடி வைக்கும், சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும், தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாததுபோல் அண்ணாந்து ஊளையிடும்.

டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, கருப்பனின் இடுப்பைப் பிடித்து மெல்ல அசைத்தார். நாய் முகத்தைத் திருப்பி அவர் கையை நக்கியது. கடிக்கத் தெரியாத நாய் வலியை அப்படித்தான் சொல்லும் என்றார். இடுப்பு மூட்டு தேய்ந்துபோயிருந்தது. பன்னிரண்டு வயது நாய், வெறும் சிமெந்துத் தரை, மழைநாள் ஈரம். படுத்தால் வலி, எழுந்தால் வலி. அதோடு வயதான மனிதர்களுக்கு நினைவு தடுமாறுவதுபோல் வயதான நாய்க்கும் தடுமாறும், இரவு பகல் மாறிப்போகும், பழகிய இடத்தை மாற்றினால் இன்னும் மோசமாகும் என்றார். அப்பா படும் பாடும் கருப்பன் படும் பாடும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது. ஒருவருக்குக் கட்டில் போட்டோம், ஒருவரைச் சிமெந்தில் போட்டோம்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லவேண்டும். டாக்டரிடம் போவதற்கு முந்தின இரவு, வலியாக இருக்குமோ என்ற சந்தேகத்தில், அப்பாவின் பாராசிட்டமோல் மாத்திரையில் பாதியைச் சோற்றில் பிசைந்து வைக்கலாமா என்று நினைத்திருந்தேன். நல்லவேளை, வைக்கவில்லை. நாம் விழுங்கும் தலைவலி, உடம்புவலி மாத்திரைகள் நாயின் ஈரலையும் குடலையும் கெடுத்து உயிருக்கே உலைவைத்துவிடும் என்று டாக்டர் கண்டித்துச் சொன்னார். நாய்க்கென்று தனி மருந்து இருக்கிறது. அதை எடைபார்த்துத்தான் கொடுக்கவேண்டும்.

கனவுக்கும் வலிப்புக்கும் உள்ள வித்தியாசத்தையும் அவரிடம் கேட்டுக்கொண்டேன். எங்கள் தாமானில் ஒரு வீட்டு நாய்க்கு வலிப்பு வந்ததை, கனவு காண்கிறது என்று சிரித்துக்கொண்டே பார்த்திருந்தார்கள். கனவில் கால்கள் தளர்ந்திருக்கும், துடிப்பு விட்டுவிட்டு வரும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண்ணைத் திறந்து வாலை ஆட்டும். வலிப்பில் உடம்பு கட்டைபோல் விறைக்கும், அல்லது கால்கள் நான்கும் ஒரே சீராக அடித்துக்கொள்ளும், நுரை தள்ளும், சிறுநீர் போய்விடும், கூப்பிட்டால் கேட்காது, முடிந்தபிறகும் ஆளை அடையாளம் தெரியாமல் தள்ளாடும். அப்படிக் கண்டால் வாயருகே கையைக் கொண்டுபோகாமல், சுற்றியுள்ள சாமான்களை நகர்த்திவிட்டு, நின்றதும் டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். குட்டிகள் தூக்கத்தில் அதிகமாகத் துடிக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம்.

கெட்ட கனவு காண்கிறதே என்று ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து எழுப்பாதீர்கள். இதற்கு எங்கள் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. என் தம்பிக்கு ஆறு வயதில் இடது கையில் ஏழு தையல். முனகிக்கொண்டிருந்த ராணியின்மேல் பாசத்தோடு விழுந்து கட்டிக்கொண்டான்; அது பாதித் தூக்கத்தில் யாரென்று தெரியாமல் கவ்விவிட்டது. அன்றைக்கு வைத்த பயம்தான் அவனை இன்றைக்கும் நாயிடமிருந்து பத்தடி தள்ளி நிற்க வைக்கிறது. ‘கடிநாய்’ என்று ராணிக்குப் பெயர் வந்ததும் அதனால்தான். அதைக் கொண்டுபோய் விட்டபோது லயத்தில் யாரும் அதற்காகப் பரிந்து பேசாமல் போனதற்கும் அது ஒரு காரணம். தூங்கும் நாயைத் தொடக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். எழுப்பியே ஆகவேண்டுமென்றால் தள்ளி நின்று பெயரைச் சொல்லுங்கள். அது போதும்.

பிறகு நாங்கள் என்ன செய்தோம் என்கிறீர்களா? பெரிய செலவு ஒன்றுமில்லை, மருந்தைத் தவிர. பழைய மெத்தை ஒன்றைச் சாக்குக்குள் திணித்துத் தைத்து, தரையில் ஈரம் ஏறாமல் ஒரு பலகையின்மேல் போட்டேன். சாக்கு நல்லதுதான், கழற்றித் துவைத்து வெயிலில் காயப்போடலாம், உண்ணி சேராது. நம் பக்கத்தில் உண்ணிக்காய்ச்சல் நாய்களுக்கு அதிகம் வருகிறது. இரவெல்லாம் சொறிந்துகொண்டிருக்கும் நாய் எப்படித் தூங்கும்? கொசுவும் அப்படியே. கொசு கடித்து நாயின் இருதயத்தில் புழு வளரும் நோய் இருக்கிறது, அதற்கு மாதாமாதம் மருந்து கொடுக்கச் சொன்னார் டாக்டர். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் தெருக்கோடிவரை மெதுவாக நடத்திக்கொண்டு போனோம். முன்பு இரவு பத்து மணிக்கு மீதிச் சோறு போடுவேன். அதை ஏழு மணிக்கு மாற்றி, படுக்கும் முன் ஒருமுறை வெளியே விட்டுக் கூட்டிவந்தேன். சங்கிலியைக் கழற்றிவிட்டேன். ஒருக்களித்துக் காலை நீட்டிப் படுக்க முடியாத நாய்க்கு நல்ல தூக்கம் ஏது? கட்டிவைத்தே ஆகவேண்டிய வீடுகளில் சங்கிலியை நீளமாகவாவது விடுங்கள். இருட்டில் தடுமாறாமல் இருக்க சின்னதாக ஒரு மின்விளக்கு. தீபாவளி நேரத்தில் பட்டாசுச் சத்தம் தாங்காமல் நடுங்கும் என்று, அந்த இரண்டு இரவும் உள்ளறையில் வானொலியை மெல்ல வைத்துப் பக்கத்தில் யாராவது இருந்தோம்.

இவ்வளவும் செய்து, ஊளை குறைந்தது, நிற்கவில்லை. அது நின்றது, நாங்கள் சாக்குமெத்தையை முன்னறைக்கு மாற்றி, அப்பாவின் கட்டிலுக்குக் கீழே போட்ட இரவில். முடி கொட்டும்தான். நான் காலையில் ஒருமுறை கூடுதலாகப் பெருக்குகிறேன். தாதியும் அப்பாவுக்குப் புண் எதுவும் இல்லை, சுத்தமாக வைத்திருந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்.

அத்தை அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிட்டார். “எனக்கென்னம்மா, நல்லது சொன்னேன்” என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு மகன் வீட்டுக்குப் போனார். இரண்டு மாதம் பேசவில்லை. அப்பா இன்னும் இருக்கிறார் என்பதைப் பார்த்தபிறகு, பொங்கலுக்கு வந்து போனார். கருப்பனுக்கு ஒரு பிஸ்கட்கூடப் போட்டார். எமனைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. நம்பிக்கையை நான் கேலி செய்யவில்லை, வாசகர்களே. வைரவர் சந்நிதியில் நாயைக் கும்பிடுகிறவர்கள்தானே நாம். ஆனால் நோயாளி இருக்கும் வீட்டில் நாய் அழுதால் அது நமக்காகத்தான் அழ வேண்டும் என்று என்ன கட்டாயம்? அதற்கென்று ஒரு இடுப்பு இல்லையா, பிரிந்துபோன குட்டி இல்லையா?

தம்பி இப்போதும் பத்தடி தள்ளித்தான் நிற்கிறான். ஆனால் மருந்து முடிந்தால் அவன்தான் வாங்கிவருகிறான்.

போன வாரம் விடிகாலை அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்க எழுந்தேன். மணி நாலரை. வெளியே தூறல். அப்பா விழித்துக்கொண்டு, கட்டிலின் ஓரமாகத் தலையைச் சாய்த்துக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். கருப்பனின் பாதங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ‘உப், உப்’ என்று அதே ஓசை. முன்பெல்லாம் அந்நேரத்துக்கு எழுந்து கேட்டருகே நிற்கும்; இப்போது கால் இடம் கொடுப்பதில்லை, படுத்தபடியே போகிறது.

நான் குனிந்து அதன் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். அப்பா இடது கையைத் தூக்கித் தடுத்தார்.

“எழுப்பாதே. பதினேழாம் நம்பர்க் காட்டுல இருக்கான்.”

நான் கோப்பி கலக்கப் போனேன்.